மெலிந்த படலமும் ஓர் அறக்கேள்வியும்

1950களின் இறுதியில் இத்தாலியின் கன்னியர் மடங்களில் வயது முதிர்ந்த சகோதரிகளின் சிறுநீரைச் சேகரித்தார்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணின் சிறுநீரில் கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோன்கள் மிகுதியாக வெளியேறும். அவற்றைப் பிரித்தெடுத்துச் செய்த பெர்கோனல் ஊசியின் துணையால் 1962இல் இஸ்ரேலில் ஒரு குழந்தை பிறந்தது. துறவு பூண்டவர்களின் உடலிலிருந்து, பிள்ளைக்கு ஏங்கியவர்களுக்கு மருந்து!

குழந்தைப்பேறு மருத்துவத்தில் கத்தோலிக்கத் திருச்சபை கோடு கிழித்தது வேறிடத்தில். தம்பதியின் கூடலுக்குத் துணை நிற்கும் மருத்துவம் சரி. அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும் சோதனைக்குழாய் முறை கூடாது என்றது 1987இல் வத்திக்கான் வெளியிட்ட ‘டோனும் வீட்டே’ ஆவணம். அப்படிப் பார்த்தால் முட்டை வெளிப்பட உதவும் மாத்திரைகள் துணையின் பக்கம்தான்.

ஆனால் அந்தத் துணைக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் 1967இல் அனுமதி பெற்ற குளோமிஃபீன் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அமர வேண்டிய ஏற்பிகளில் தான் போய் அமர்ந்துகொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளை எண்ணிச் சினைப்பையை முடுக்கிவிடும்; முட்டை வளரும். அதே மாத்திரை கருப்பையின் உட்படலத்து ஏற்பிகளையும் விட்டுவைக்காது. அந்தப் படலம் தடிப்பதற்கும், அடுத்து வரும் புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பிகள் முளைப்பதற்கும் ஈஸ்ட்ரோஜன்தான் வேண்டும். அது தடைபடுவதால் சிலருக்குப் படலம் மெலிந்தே இருந்துவிடுகிறது. ஸ்கேன் திரையில் ஏழு மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால் மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். முட்டை தயார், அது கருவாகி வந்து பதிய வேண்டிய மெத்தை தயாரில்லை.

உயிருக்கு வழி திறக்கும் கையே வழியை மறித்தால் அது குற்றமா? தற்காப்பைப் பற்றி எழுதியபோது 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். நாடியது நன்மை, நாடாதது தீமை என்றால் குற்றமில்லை. ஆனால் செயல் நோக்கத்துக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் இங்கே கனமானது. ஏனென்றால் முட்டை வெளிப்பட உதவ லெட்ரோசோல் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. அது ஏற்பிகளில் அமராது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாள் குறைத்துவிட்டு விரைவில் உடலைவிட்டு நீங்கிவிடும். பிறகு ஊறும் ஈஸ்ட்ரோஜன் படலத்தை வளர்க்கும். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுள்ள 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினர். ஊறு குறைந்த வழி கைக்கெட்டிய பிறகு, அத்தகைய பெண்ணுக்குப் பழைய மாத்திரையையே பழக்கத்தால் எழுதிக் கொடுப்பதை ‘நாடாத தீமை’ என்று தள்ளிவிட முடியாது.

மாத்திரைச் சீட்டை வாங்கும்போது படலம் எத்தனை மில்லிமீட்டர், ஏன் இந்த மருந்து என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.