ஆளைப் பார்த்துச் சொல்லும் விலை

ஒரே பொருளுக்கு உள்ளூர்க்காரரிடம் ஒரு விலையும் வெளிநாட்டவரிடம் அதைவிடக் கூடுதலான விலையும் வாங்குவது பல நாடுகளில் உள்ள வழக்கம். இரட்டை விலை எனப்படும் இது மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. அரசோ பொது அமைப்போ பலகையில் எழுதி வைத்து வாங்குவது முதல் வகை. தாஜ்மகாலுக்குள் நுழைய இந்தியருக்கு 50 ரூபாய், பிற நாட்டவருக்கு 1,100 ரூபாய். தாய்லாந்தின் காவ் யாய் தேசியப் பூங்காவில் அந்நாட்டவருக்கு 40 பாட், மற்றவருக்கு 400 பாட். சந்தைக் கடைக்காரரும் வாடகை வண்டிக்காரரும் எதிரில் நிற்பவரின் முகத்தையும் பேச்சையும் பார்த்து வாயால் சொல்லும் விலை இரண்டாம் வகை. குடியேறி வாழ்பவரிடம் மருத்துவத்துக்கும் கல்விக்கும் தனியாக வாங்கப்படும் கூடுதல் தொகை மூன்றாம் வகை.

சுற்றுலா வந்தவருக்கு இது ஓரிரு நாள் சங்கதி. அதே நாட்டில் வேலை பார்த்து, வாடகை கொடுத்து, வரி கட்டி ஆண்டுக்கணக்கில் வாழும் அயல்நாட்டவருக்கு இது அன்றாடம் எதிர்ப்படுவது. இரட்டை விலைக்குச் சொல்லப்படும் நியாயங்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அவை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குக் குடியேறி வாழ்பவரே உரைகல்.

இரண்டு நீதிகள்

இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க உதவும் பாகுபாடு மிகப் பழையது. அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் நீதியை இரண்டாகப் பிரிக்கிறார். ஊருக்குப் பொதுவானதை உரியவர்களுக்குப் பகிர்வதில் விளங்குவது பங்கீட்டு நீதி. யாருக்கு என்ன தகுதி என்பது இங்கே கணக்கில் வரும். தகுதி வேறானால் பங்கும் வேறாகலாம். இருவருக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைச் சீர்செய்வது திருத்த நீதி. இதில் ஆள் யார் என்பது பொருட்டல்ல. நல்லவர் தீயவரை ஏமாற்றினாலும் தீயவர் நல்லவரை ஏமாற்றினாலும் சட்டம் இழப்பின் அளவை மட்டுமே பார்க்கும்.

இதை எழுதியவரே ஏதென்ஸில் அயலார். ஸ்டாகிராவில் பிறந்த அவர் ஏதென்ஸில் பள்ளி நடத்தியும் அந்நகரத்தின் குடிமகன் ஆகவில்லை. குடியேறி வாழ்பவர்களை ‘மெட்டிக்’ என்று வகைப்படுத்திய ஏதென்ஸ், ஆண்களிடம் ஆண்டுக்கு 12 திராக்மாவும் தனித்து வாழும் பெண்களிடம் 6 திராக்மாவும் தலைவரி வாங்கியது. படையில் பணிபுரியும் கடமை அவர்களுக்கு உண்டு. நிலமும் வீடும் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பொதுவாக இல்லை. கி.மு. 355ஐ ஒட்டி நகரத்தின் வருவாயைப் பற்றி எழுதிய செனோபன், இவர்களின் சுமைகளைக் குறைத்தால் இன்னும் பலர் வந்து குடியேறுவர், வருவாயும் பெருகும் என்று வாதிட்டார். அவர் பேசியது ஊரின் ஆதாயத்தைப் பற்றி. குடியேறியவரின் உரிமையைப் பற்றி அன்று.

இரட்டை விலையைப் பற்றிய பூசல்களில் பாதி, இவ்விரு நீதிகளையும் ஒன்றாகக் குழப்புவதால் எழுகிறது. கடையில் பழம் விற்பது கொடுக்கல் வாங்கல். பொதுப் பூங்காவிலோ அரசு மருத்துவமனையிலோ ஒருவருக்கு இடம் தருவது பங்கீடு. முன்னதற்குப் பொருந்தும் விதி பின்னதற்கு அப்படியே பொருந்துவதில்லை.

கடைவீதியில் அயலார்

கொடுக்கல் வாங்கலில் அயலாரின் அறியாமையை விலையாக்கலாகாது என்பதில் சமய மரபுகள் பல ஒன்றுபடுகின்றன. விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்யலாகாது என்பது எபிரேய விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் கட்டளை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதற்கு ஓர் அளவும் வகுத்தது: உரிய விலைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு கூடினால் வாங்கியவர் முறையிடலாம். முறையிட அவருக்குள்ள அவகாசம், பொருளை ஒரு வணிகரிடமோ உறவினரிடமோ காட்டிக் கேட்க ஆகும் நேரம். சந்தை விலை என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் உள்ளவர்களின் அறிவு என்பதை இந்த விதி உணர்ந்திருக்கிறது. அயலூரில் உறவினரும் பழகிய வணிகரும் இல்லாதவர் இழப்பது அந்த அறிவைத்தான்.

நபிகள் நாயகம் தடுத்த வணிக முறைகளில் ஒன்று, சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்துக் கொள்முதல் செய்வது. சந்தை நிலவரம் தெரியாமல் மலிவாக விற்றுவிட்டவர், ஊருக்குள் வந்து விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். பேரம் பேசத் தெரியாமல் விற்பவரை நம்பி விலையை அவரிடமே விட்டுவிடுபவருக்கு இஸ்லாமியச் சட்டத்தில் ‘முஸ்தர்ஸில்’ என்று தனிப்பெயரே உண்டு. மாலிக்கி, ஹன்பலி சட்டப்பள்ளிகள் அவரிடம் மிகையாக வாங்கியிருந்தால் விற்பனையை முறிக்கும் உரிமையை அவருக்கு அளித்தன.

இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதன் நுட்பத்தைக் காட்டுகிறது. யூனுஸ் இப்னு உபைத் என்ற துணி வணிகர் தொழுகைக்குப் போயிருந்தபோது, 200 திர்ஹம் பெறும் ஆடையை அவருடைய சகோதரர் மகன் பாலைவன நாட்டார் ஒருவருக்கு 400 திர்ஹமுக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த ஆடையைக் கண்டு விவரம் கேட்ட யூனுஸ், அது 200க்கு மேல் பெறாது என்றார். எங்கள் பக்கத்தில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவுதான் என்றார் வாங்கியவர். யூனுஸ் விடவில்லை, அவரைக் கடைக்குத் திருப்பி அழைத்துவந்து 200 திர்ஹமைக் கொடுத்தனுப்பினார். வாங்குபவர் மனமார ஒப்புக்கொண்டார் என்பதாலேயே விலை நியாயமாகிவிடாது என்பது கதையின் பொருள். ஒப்புக்கொண்டவர் எதை அறிந்து ஒப்புக்கொண்டார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதை வேறு வழியில் அணுகினார். பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு உண்டென்றால் அவர் கூடுதலாக வாங்கலாம். வாங்குபவரின் தேவை பெரிது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றலாகாது; அந்தத் தேவை விற்பவருடைய சொத்தன்று, தன்னுடையதல்லாததை ஒருவர் விற்க முடியாது. அயலாரின் அவசரமும் மொழியறியாத் தவிப்பும் அவருடையவை. அவற்றுக்கு விலை போடுபவர் தம்மிடம் இல்லாத சரக்கை விற்கிறார். வாங்குபவர் தாமாக முன்வந்து அதிகம் தந்தால் அதை அக்வினாஸ் குறையாகக் கருதவில்லை. பல மொழியினர் கலந்து வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, வாங்கும்போது மிகுதியும் கொடுக்கும்போது குறைவும் இல்லாத நடுநிலையை அந்நகர வணிகரின் இயல்பாகச் சொல்வதும் இந்த அறத்தையே.

பேரம் நடக்கும் சந்தையில் எல்லோருக்கும் ஒரே விலை கிடையாதே என்ற மறுப்பு எழலாம். பேரம் இரு தரப்புக்கும் தெரிந்த ஆட்டமாக இருக்கும்வரை அதில் ஏமாற்று இல்லை. முதலில் சொல்லும் விலை பேச்சைத் தொடங்கி வைப்பது மட்டுமே. ஆட்டம் நடக்கிறது என்பதையே அறியாதவரிடம் அதே விலையை முடிவான விலையாக வாங்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

பொதுவானதில் பங்கு

பூங்கா, நினைவுச்சின்னம், மருத்துவமனை ஆகியவற்றில் நிலைமை வேறு. இவற்றை ஒரு சமூகம் தன் செலவில் பேணுகிறது. இங்கே மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது வரி. உள்நாட்டவர் ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டனர், ஆகவே வாயிலில் குறைவாகக் கொடுக்கின்றனர் என்பது வாதம். பயணியைப் பொறுத்தவரை இது பெருமளவு பொருந்தும். ஆனால் இந்த வாதத்தை ஏற்பவர், வரி கட்டும் குடியேறிக்கும் உள்ளூர்க் கட்டணத்தைத் தரக் கடமைப்பட்டவர். குடியுரிமையைப் பார்த்து வாங்கிவிட்டு வரியைக் காரணம் காட்டுவது, ஒன்றை அளந்து வேறொன்றுக்கு விலை சொல்வது. பிரிட்டன் 2015இல் குடியேறிகளிடம் மருத்துவக் கூடுதல் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது அது ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024இல் வயது வந்தவர் ஒருவருக்கு 1,035 பவுண்டு. பல ஆண்டுகளாக மற்றவர்கள் கட்டிய வரியில் உருவான சேவையில் புதிதாகச் சேர்பவர் நுழைவுப் பங்கு தரவேண்டும் என்பது ஆதரிப்போர் கூற்று. வேலை பார்க்கும் குடியேறி முதல் மாதத்திலிருந்தே வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டுகிறார், ஆகவே ஒரே சேவைக்கு இருமுறை கொடுக்கிறார் என்பது எதிர்ப்போர் கூற்று.

இரண்டாவது கொடுக்கும் திறன். வளம் மிக்க நாட்டிலிருந்து வருபவருக்கு 400 பாட் சுமையன்று. உள்ளூர்த் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலியைத் தொடும். உள்ளவரிடம் கூடுதலாக வாங்கி இல்லாதவருக்கு வாயிலைத் திறந்துவைப்பது பங்கீட்டு நீதிக்கு இசைந்ததே. ஆனால் கடவுச்சீட்டு வருமானச் சான்றிதழ் அன்று. தாய்லாந்தில் கட்டட வேலை செய்யும் மியான்மர்த் தொழிலாளி விதிப்படி வெளிநாட்டவர். பாங்காக்கின் கோடீஸ்வரர் உள்நாட்டவர். திறனுக்கு அடையாளமாக நாட்டை எடுத்துக்கொண்டால் அந்த அடையாளம் அதிகம் பிழையாவது, அந்நாட்டிலேயே உள்ளூர்க் கூலிக்கு உழைக்கும் அயலாரிடம்தான்.

மூன்றாவது உரிமை. முன்னோர் கட்டியது, வழிபடும் இடம், மரபுச் சொத்து என்ற உறவு பணத்தால் அளக்கப்படுவதன்று. பாங்காக்கின் அரண்மனைக் கோயிலுக்குத் தாய்லாந்தினர் கட்டணமின்றிப் போவது தம் கோயிலுக்குப் போவது. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. இந்த நியாயம் வழிபாட்டிடத்தில் வலுவாகவும், காட்டிலும் கடற்கரையிலும் மெலிவாகவும் நிற்கிறது. இந்தியா இந்த உறவை வம்சாவழியாகக் கொள்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்காரர் நினைவுச்சின்னங்களில் இந்தியருக்கான கட்டணமே செலுத்துகிறார். வெனிஸ் இதைக் குடியிருப்பாகக் கொள்கிறது. பயணிக்கு 9.50 யூரோ ஆகும் படகுப் பயணத்துக்கு நகர அட்டை வைத்திருப்பவர் தருவது 1.50 யூரோ, அங்கே பிற நாட்டில் பிறந்து வெனிஸில் வாழ்பவரும் வெனிஸ்வாசியே.

நீதிமன்றங்கள் கிழித்த கோடு

எந்த வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதைச் சில தீர்ப்புகள் கூர்மைப்படுத்தியுள்ளன. அமெரிக்காவின் தென் கரோலினா, இறால் பிடிக்கும் படகு உரிமத்துக்குத் தன் மாநிலத்தவரிடம் 25 டாலரும் பிற மாநிலத்தவரிடம் 2,500 டாலரும் வாங்கியது. 1948இல் உச்ச நீதிமன்றம் இதை நீக்கியது. 1978இல் மான்டானா மாநிலம் எல்க் மான் வேட்டைக்கு வெளிமாநிலத்தவரிடம் பல மடங்கு கட்டணம் வாங்கியதை அதே நீதிமன்றம் அனுமதித்தது. இறால் பிடிப்பது பிழைப்பு, மான் வேட்டை பொழுதுபோக்கு என்பதே இரண்டுக்கும் உள்ள தூரம். வாழ்வாதாரத்தைத் தொடும் இடத்தில் அயலார் விலைக்கு இடம் குறைவு.

ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சில நகராட்சி அருங்காட்சியகங்கள் முதியோருக்குத் தந்த கட்டணச் சலுகை இத்தாலியருக்கோ அவ்வூரில் குடியிருப்போருக்கோ மட்டும் கிடைத்தது. வரிப் பணத்தில் நடப்பவை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குறிப்பிட்ட வரிக்கும் இந்தச் சலுகைக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை. 2019இல் ஜெர்மனியின் நெடுஞ்சாலைக் கட்டணமும் இவ்வாறே வீழ்ந்தது. எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகக் கட்டணம் விதித்துவிட்டு, ஜெர்மன் வண்டி உரிமையாளர்களுக்கு அதே தொகையை வாகன வரியில் குறைப்பதே திட்டம். அயலாருக்குக் கூடுதல் என்று சொல்லாமல் உள்ளூருக்குத் தள்ளுபடி என்று சொன்னாலும் கணக்கு ஒன்றே.

மறைத்த விலையும் அறிவித்த விலையும்

தொகை ஒருபுறமிருக்க, அது சொல்லப்படும் விதத்துக்கும் அறப்பொருள் உண்டு. தாய்லாந்தின் சில கட்டணப் பலகைகளில் வெளிநாட்டவருக்கான விலை அனைவரும் படிக்கும் எண்களிலும், உள்நாட்டவருக்கான விலை தாய் எழுத்திலும் தாய் எண்களிலும் இருக்கும். தம் மொழியில் எழுதுவது எவர்க்கும் உரிமை. ஆயினும் இரண்டு விலைகளையும் ஒருவர் ஒப்பிட முடியாதபடி பலகை அமைந்தால், எழுதி வைத்ததும் மறைத்ததாகிவிடுகிறது. 1795இல் வெளியான ‘என்றுமுள அமைதி’ நூலில் இமானுவேல் கான்ட் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் கொள்கையை வெளிப்படையாக அறிவிக்க முடியாதென்றால் அது நீதியன்று. காரணத்தோடு அறிவித்த விலையை அயலார் எதிர்த்து வாதாடலாம். முகம் பார்த்துச் சொல்லும் விலையோடு வாதாட வழியில்லை.

ஆகவே கடையில் அயலார் விலைக்கு இடமில்லை. பொதுப் பங்கீட்டில் இடமுண்டு, சொன்ன காரணத்தையே அளக்கும்வரை. வரி காரணமானால் வரி கட்டுபவருக்கும், வறுமை காரணமானால் வறியவருக்கும் உள்ளூர் விலை சேரவேண்டும். இந்த விதிக்குள் அடங்காத ஒருவர் எஞ்சுகிறார்: வேலை செய்ய அனுமதியில்லாத அகதி. வரியைக் காட்டி அவர் எதையும் கேட்க முடியாது. அவருடைய உரிமைக்கு அடிப்படை எபிரேய மரபில் கிடைக்கிறது. தமிழில் அந்நியன் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடக்கூடியவரை அம்மொழி இரண்டாகப் பிரிக்கிறது: வெளியிலிருந்து வந்துபோகும் ‘நொக்ரி’, உள்ளே தங்கி வாழும் ‘கேர்’. நொக்ரியிடம் வட்டி வாங்க உபாகமம் 23ஆம் அதிகாரம் இடம் தருகிறது. கேரையோ, உள்நாட்டில் பிறந்தவரைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். அதற்கு அது சொல்லும் காரணத்தில் அவர் என்ன கொடுத்தார் என்ற கணக்கு இல்லை. கேட்பவர்களும் ஒருகாலத்தில் எகிப்தில் அயலாராக இருந்தார்கள் என்ற நினைவு மட்டுமே இருக்கிறது.