சார்பும் தகுதியும்

உயிர்க்கு நலந்தீங்குகள் சார்பினால் வருவனவோ, தன் தகுதியினால் வருவனவோ என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொன்றாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பர் சித்தாந்த நூலார். இதனை மேற்போக்காகக் கொண்டு, 'யான் கெட்டமைக்கு என் கூட்டமே காரணம். என்பாற் குற்றமில்லை' என்பாரும் உளர். அன்னார் கூற்றுப் பொருந்துமோ என்பதனைக் காந்தமும் இரும்பும் என்னும் பழைய உவமை கொண்டே, பௌதிக நூலார் கண்டவற்றோடு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நீரை நோக்குக. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒருபால் நேர்மின் தன்மையும் மற்றொருபால் எதிர்மின் தன்மையும் உடையது. இவ்விருமுனைத் தன்மை புறத்தினின்று வந்ததன்று. அதன் அமைப்பிலேயே உள்ளது. மின்புலத்தில் வைத்தவழி அம்மூலக்கூறுகள் புலத்தின் திசை நோக்கித் திரும்ப முயலும். வெப்பத்தாலாகிய ஓயாத அலைவோ அவற்றைக் கலைத்துக்கொண்டேயிருக்கும். ஆதலின் அவை முற்றும் ஒருமுகப்படாது, அத்திசைக்கண் சிறிதே சாய்ந்து நிற்கும். இதனை 1912ஆம் ஆண்டில் டிபை என்னும் அறிஞர் கணித்து விளக்கினார். இருமுனை இயல்பாக இல்லாத மூலக்கூறுகளும் புலத்திடைப்பட்டபோது அதனைப் பெறும். புலம் நீங்கின் இழக்கும்.

இனிக் காந்தத்தின் முன் மூன்று கோல்களை வைத்துக் காண்போம். பிசுமத்துக் கோல் புலத்திற்குக் குறுக்கே திரும்பி நிற்கும். இதனை 1845இல் பாரடே கண்டார். தேனிரும்பு விரைந்து காந்தமாகிக் காந்தம் அகன்றவுடன் அத்தன்மையைப் பெரும்பாலும் இழக்கும். எஃகு அரிதில் ஏற்று நெடிது காக்கும். காந்தம் ஒன்றே, வேறுபாடு பொருள்களின் பாலதாம். ஒரே ஆசிரியரிடம் பயின்ற மாணவர் மூவர் மூவகையாதலும் இவ்வாறே.

அற்றேல், தகுதி ஒன்றே அமையும், சார்பு வேண்டா எனின், அற்றன்று. இரும்பின் உள்ளே சிறு பகுதிகள் பலவும் தனித்தனிக் காந்தங்களே என 1907இல் வைசு என்பார் கூறினார். அவை பல திசை நோக்கி ஒன்றன் வலியை ஒன்று கெடுத்தலின், இரும்பு வாளா கிடக்கும். புலம் வந்து ஒருமுகப்படுத்தியவழியே அவ்வலி வெளிப்படும். ஆகவே புலம் இல்லதனைத் தருவதன்று, உள்ளதனை விளக்குவதாம். தகுதியின்றிச் சார்பு பயனின்று. சார்பின்றித் தகுதி விளங்காது.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தில் இரும்பு தன் காந்தவலியை இழக்கும். எரிமலைக் குழம்பு ஆறி இறுகுங்கால், அதன்கண் உள்ள தாதுக்கள் அக்காலத்து நிலவுலகப் புலத்தின் திசையை ஏற்கும். அப்புலம் முனைமாறிக் கடைசியாக ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் இறுகிய கற்களுட் சில இன்றும் மாறான திசையையே காட்டி நிற்கின்றன. இளமையும் பெருந்துயரும் உள்ளம் உருகி ஆறுங் காலங்கள். அப்போது அருகிருப்போர் எத்திசையினரோ அத்திசையே அதனுட் பதியும். ஆதலின் சிறுவரது பிழைக்கு அவரை மட்டும் நோதல் அறமன்று. புலமாய் நின்ற பெரியோர்க்கும் அதிற் பங்குண்டு.

ஆயின் அறிவு முதிர்ந்தார்க்கு அச்சொல் செல்லாது. கல் தான் ஆறும் இடத்தைத் தெரிந்துகொள்ளமாட்டாது, மக்களுயிர் தெரிந்துகொள்ளும். சார்பு நம்மைத் திருப்புவது மெய்யே. அச்சார்பின்கண் சென்று நின்றவர் யாவர்? அவ்விடத்தே நம் குற்றம் உளது. எனினும் அஞ்சற்க. தவறிய திசையிற் காந்தமேறிய எஃகும், வலிய புலத்தின் முன் வைக்கத் திசை மாறும். ஆகலின் நல்லார் முன்னிலையை நாடிச் சேறலும், சேர்ந்தபின் உள்ளத்தின் அலைவைத் தணித்தலும் நம் கடனாம்.