மெதுவாக வாசிக்கப்படும் நண்பர்

நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. லண்டன் வைற்ஹோலில் உள்ள போர் நினைவுத் தூபியின் முன்னால் அரச குடும்பத்தினரும் அமைச்சர்களும் முதிய படையினரும் கூடி நிற்பார்கள். பதினொரு மணி அடிப்பதற்கு முன்னர் இராணுவ வாத்தியக் குழுக்கள் சில இசைத் துண்டுகளை ஆண்டுதோறும் மாறாத ஒரு வரிசையில் வாசிக்கும். அவற்றுள் ஒன்று எட்வேர்ட் எல்கரின் 'நிம்ரொட்'. இந்நாட்டுக்கு வந்த முதல் வருடமே அதைத் தொலைக்காட்சியில் கேட்டேன். அதன் பெயர் அப்போது தெரியாது. ஆனால் அது இறந்தவர்களுக்காக எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அது பிழை என்று பல வருடங்களின் பின்னரே அறிந்தேன். நிம்ரொட் ஒப்பாரி அல்ல. எழுதப்பட்டபோது அதற்குரியவர் உயிரோடு இருந்தார். எழுதியவருடன் கடிதத்தில் வாதாடிக்கொண்டும் இருந்தார்.

1899 ஜூன் 19ஆம் திகதி லண்டனில் ஹான்ஸ் றிக்ரரின் நெறியாள்கையில் எல்கரின் 'எனிக்மா' மாறுபாடுகள் முதன்முதல் அரங்கேறின. ஒரு கருப்பொருள், அதன்மீது பதினான்கு மாறுபாடுகள். ஒவ்வொன்றும் எல்கருக்கு நெருக்கமான ஒருவரின் சித்திரம். ஒன்பதாவது நிம்ரொட். அது ஓகஸ்ற் யேகர் என்பவருக்குரியது. யேகர் 1860இல் ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரிற் பிறந்து, இளவயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். நொவெல்லோ இசைப் பதிப்பகத்தில் வேலை பார்த்தார். எல்கரின் படைப்புகளை முதலில் ஊன்றிப் படிப்பவரும், குறையை முகத்துக்கு நேரே சொல்பவரும் அவர்தான். இந்த மாறுபாடுகளின் முடிவுப் பகுதி போதாது என்று அரங்கேற்றத்தின் பின்னரும் விடாமல் வற்புறுத்தி, அதை நீட்டி எழுதவைத்தவரும் அவரே. இன்று நாம் கேட்பது அந்த நீட்டிய முடிவைத்தான்.

ஒரு கோடை மாலையில் இருவரும் நீண்ட நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பீத்தோவனின் மெல்லிய நடைப் பகுதிகளுக்கு ஈடாக எவரும் எழுதியதில்லை என்று யேகர் உருகிச் சொன்னார். அந்தக் கதையின் பதிவே நிம்ரொட் என எல்கர் பின்னர் குறிப்பிட்டிருக்கிறார். எல்கர் மனமுடைந்திருந்த வேளையில் நண்பர் அவரைத் தேற்றிய கதை என்று டோரா பவல் தமது நினைவு நூலில் எழுதுகிறார். டோராவும் இந்த மாறுபாடுகளில் ஒன்றுக்கு உரியவர். எப்படிப் பார்த்தாலும் இது நன்றியின் இசை.

எட்டாவது மாறுபாடு ஜி மேஜரில் முடிகிறது. மற்ற வாத்தியங்கள் ஓய்ந்தபின் முதல் வயலின்கள் மட்டும் ஜி என்ற ஒரே சுரத்தை விடாமற் பிடித்திருக்கின்றன. அந்தச் சுரத்தின் கீழே, மிக மெல்லிதாக, ஈ-பிளாற் மேஜர் வந்து அமர்கிறது. நம்முடைய கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சற்றுமுன் ஷட்ஜமாக இருந்தது இப்போது அந்தர காந்தாரம். சுரம் அசையவில்லை, அது நிற்கும் வீடுதான் மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் ஒரு கனிவு இருக்கிறது. பாரமும் இருக்கிறது. ஆனால் சாவு இல்லை.

அப்படியானால் சாவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காலப்பிரமாணத்திலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்கர் அதற்கு 'அடாஜியோ' என்று நடை குறித்து, நிமிடத்துக்கு 52 அடி என்று எண்ணும் கொடுத்தார். மெதுவானதுதான், ஆனால் நடந்துபோகக்கூடிய மெது. 1926இல் அவரே நெறியாள்கை செய்த ஒலிப்பதிவில் நிம்ரொட் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1982இல் லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் பி.பி.சி. சிம்பனி இசைக்குழுவோடு செய்த பதிவிலோ அது ஐந்து நிமிடத்தையும் தாண்டுகிறது. சுரங்கள் அவையேதான். எல்கரின் கையில் ஒருவர் பேசுகிறார். குரல் மெல்ல உயர்கிறது, உச்சத்திற் பொங்குகிறது, பின் தன் உணர்ச்சிக்குத் தானே கூசியதுபோல் சட்டென அடங்குகிறது. பேர்ன்ஸ்ரைனின் கையில் யாரும் பேசவில்லை. ஒரு பேழை தோளிற் சுமக்கப்பட்டுச் செல்கிறது.

இது தவறா? மகனைப் போர்க்களத்திற் பறிகொடுத்த தாய் ஒருத்தி இந்த இசையில் அழ ஓர் இடம் கண்டாளானால், அது உனக்காக எழுதப்பட்டதல்ல என்று சொல்ல யாருக்கு உரிமை? எழுதியவனின் எண்ணத்தோடு இசை முடிந்துவிடுவதில்லை. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். என்னை உறுத்துவது வேறு.

'யேகர்' என்றால் ஜேர்மன் மொழியில் வேட்டைக்காரன். விவிலியத்தின் ஆதியாகமத்தில் வரும் பெரும் வேட்டைக்காரன் நிம்ரொட். எல்கர் நண்பரின் பெயரை வைத்துச் செல்லமாக விளையாடியிருக்கிறார். யேகர் 1909இல் காசநோயால் இறந்தார். 1914இல் போர் மூண்டது. 1915 மே மாதத்தில் லூசிற்றானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபின் லண்டனில் ஜேர்மன் பெயர்ப் பலகை தொங்கிய கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. அந்தப் போர்க்காலத்தில் யேகரின் மனைவி தமது குடும்பப் பெயரை 'ஹன்ரர்' என்று மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் அதற்கும் வேட்டைக்காரன் என்பதே பொருள். ஒரே சொல் இரண்டு முறை மொழிபெயர்க்கப்பட்டது, முதலில் அன்பினால், அடுத்து அச்சத்தினால். இங்குள்ளவர்களின் வாய்க்கு வசதியாகத் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜேர்மனியோடு பொருதி மாண்டவர்களை நினைவுகூரும் அந்தத் தூபியின் முன்னால் வாசிக்கப்படுவது ஒரு ஜேர்மன் குடியேறியின் சித்திரம். இதை அறிந்து வாசித்தால் அதைவிடப் பெருந்தன்மையான அஞ்சலி வேறில்லை. அறியாமல் வாசித்தால், யேகர் மறுபடியும் பெயர் மாற்றப்படுகிறார். இம்முறை அவருக்குப் பெயரே இல்லை. பொதுத் துயரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்திவிடுகிறது.

இதை ஆங்கிலேயரின் குற்றமாகச் சொல்லித் தப்பிக்க என்னால் முடியாது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் நண்பர் ஒருவர் இங்கே இறந்துபோனார். அவர் அதிகம் எழுதியவரல்லர். ஆனால் எங்களிற் பலர் எழுதியதை முதலில் வாசித்தவர் அவர்தான். சிவப்புப் பேனாவால் பாதியை வெட்டிவிட்டு, "இதில உம்மட சோகம்தான் கிடக்கு, விசயத்தைக் காணேல்லை" என்பார். இரவு வேலை முடிந்து வந்த களைப்பிலும் ஒரு சொல்லுக்காகத் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார். தன் பகிடிக்குத் தானே முதலிற் சிரிப்பார்.

அவருடைய நினைவுக் கூட்டத்தில் மாலையிட்ட படம், மெழுகுவர்த்தி, தாழ்ந்த குரல்கள். ஊரை நினைத்து நினைத்தே உருகி மாண்டவர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதில் பொய் என்று எதுவும் இல்லை. அவரும் இல்லை. அவர் சிவப்பு மையால் வெட்டிய என் கட்டுரையொன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதை வாசித்துக் காட்டி எல்லோரையும் கொஞ்சம் சிரிக்கவைக்க எண்ணியிருந்தேன். என்னுடைய முறை வந்தது. சபையின் முகங்களைப் பார்த்தேன். பையைத் திறக்கவில்லை. மற்றவர்கள் சொன்னதையே இன்னும் தாழ்ந்த குரலில், இன்னும் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். நல்ல பேச்சு என்று இருவர் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

மெதுவாக்குவது மரியாதை என்று நாம் நம்புகிறோம். பல வேளைகளில் அது நமது துயரத்தை நாமே சுவைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அவகாசம். இறந்தவருக்கு நாம் பட்ட கடன் கண்ணீர் மட்டுமல்ல. அவர் எந்த வேகத்தில் நடந்தார், எந்தக் குரலில் ஏசினார், எதற்குச் சிரித்தார் என்பதை மாற்றாமல் வைத்திருப்பதும் கடன்தான். அழுவதைவிட அது கடினமானது. சபை அதை எதிர்பார்ப்பதுமில்லை.

இப்போது நவம்பர் வரும்போது தொலைக்காட்சியில் நிம்ரொட்டைக் கேட்டுவிட்டு, எல்கரின் பழைய ஒலிப்பதிவையும் ஒருமுறை போட்டுக் கேட்கிறேன். கரகரப்பு அதிகம். கண் கலங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு மைத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அவர் பார்த்திருந்தால் எந்தப் பாதியை வெட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.