கேட்காமல் உட்காரும் பூனை

பூனை இருக்கிற வீட்டுக்கு எந்த சோபா சரிப்படும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் விற்பனையாளர் உங்களை நேராக ரெக்சின் பக்கம் அழைத்துப் போவார். ‘‘துணியே வேணாம் சார். இதை எடுத்துக்கோங்க. ஈரத் துணியால ஒரு தொடை தொடைச்சா முடிஞ்சது.’’

பாதி உண்மை. துடைப்பது சுலபம்தான். ஆனால், பூனை நகம் பட்ட இடத்தில் ரெக்சினில் விழுவது கோடு அல்ல, ஓட்டை. ஓட்டை கிழிசலாகி, அதன் வழியே நுரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு ஒட்டிக்கொண்டு வருவது தனிக் கதை.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். அது உங்கள் மேல் உள்ள கோபத்தில் அதைச் செய்வதில்லை. நகத்தின் மேல் பழைய உறை ஒன்று இருக்கும். பிறாண்டினால் அது கழன்று, உள்ளே இருக்கும் கூர்மையான புது நகம் வெளியே வரும். பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன; பிறாண்டிய இடத்தில் ‘இது என் இடம்’ என்று ஒரு கையெழுத்து விழும். தூங்கி எழுந்ததும் உடம்பை நீட்டி முறிக்கவும் அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். நாம் சோம்பல் முறிப்பதில்லையா? அதுபோலத்தான்.

ஆக, நகத்துக்குப் பிடி கொடுக்கிற எதையும் அது விடாது. பிரம்பு சோபா, சணல் துணி, நூல் வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டிருக்கும் துணி, இவையெல்லாம் பூனைக்குத் திருவிழா. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நெசவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு நகம் உள்ளே இறங்காது. மைக்ரோஃபைபர், நெருக்கமாக நெய்த வெல்வெட் ஆகியவற்றில் பூனை இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, சலித்துப்போய் விலகிவிடுவது அதனால்தான். முடி ஒட்டும், உண்மை. ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாகத் தடவினால் உருண்டு வந்துவிடும்.

மூத்திரம்தான் பெரிய தலைவலி. சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, ‘அப்பாடா’ என்று உட்கார்ந்திருப்பீர்கள். மழைக்காலத்தில் காற்று ஈரமானதும் அந்த நாற்றம் மறுபடியும் எழும். அதில் இருக்கும் யூரிக் அமிலப் படிகங்கள் சோப்பில் முழுசாகக் கரைவதில்லை; அவற்றைச் சிதைக்க நொதி கலந்த திரவம் வேண்டும். அவசரத்துக்குப் பினாயிலை எடுத்துவிடாதீர்கள். பூனை தன் காலில் பட்டதையெல்லாம் நக்கும் பிராணி. பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கிற சக்தி அதன் கல்லீரலுக்குக் குறைவு. சோபா சுத்தமாகும், பூனை செத்துப்போகும்.

இத்தனையும் யோசித்தால் கடைசியில் வந்து நிற்பது, நம் தாத்தா காலத்து மர பெஞ்சு. தேக்கோ வேம்போ, கெட்டியான மரச் சட்டம். மேலே தனித்தனியாக எடுக்கிற மாதிரி மெத்தைகள். ஜிப் வைத்த, நெருக்கமான நெசவில் உறைகள். இரண்டு செட் உறை இருந்தால் ஒன்று துவைக்கப் போகும்போது ஒன்று உட்கார இருக்கும். பக்கத்திலேயே மூன்றடி உயரக் கட்டை ஒன்றை ஆடாமல் நட்டு, தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றிவையுங்கள். மூலையில் ஒளித்துவைக்காதீர்கள். கையெழுத்தை நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் பூனையும் போடும்.

கடை விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் இருப்பது கடைக்காரர் பதில் சொல்ல முடியாத விஷயம்.

‘நீடித்து உழைக்கணும், சுலபமா சுத்தம் பண்ணணும்.’ இந்த இரண்டும்தானே நம் நிபந்தனை? நீடித்து உழைக்க வேண்டும் என்றால், யாரிடமிருந்து தப்பித்து? சுலபமாகச் சுத்தம் பண்ண வேண்டும் என்றால், யாருக்குச் சுலபம்?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் சோபா எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்கலாம். அங்கே பலர் அதைக் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. பெண்ணின் சீர்வரிசையில், பீரோ, கட்டில், கிரைண்டரோடு அது வண்டியில் ஏறி வரும். வந்து இறங்கும்போது சுற்றியிருந்த பாலிதீன் உறை, முதல் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும்கூடப் பிரிக்கப்படாமல் இருக்கும். உட்கார்ந்தால் சரக் சரக் என்று சத்தம் போடும். வீட்டு மனிதர்கள் கீழே பாய் போட்டு டி.வி. பார்ப்பார்கள். சோபா, வரப்போகிற யாரோ ஒரு பெரிய மனிதருக்காகக் காத்திருக்கும்.

நான் கேலி செய்யவில்லை. ஒரு தகப்பன் கடன் வாங்கிக் கொடுத்த பொருள் அது. அழுக்காகிவிடுமோ என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த பாலிதீனைப் பொருட்படுத்தாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் பூனைதான். அதுபாட்டுக்கு ஏறி, நடுவில் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் பூனைக்கு அந்த வீடுகளில் உத்தியோகம் இருந்தது. ஏரிப் பாசனம், நெல் விவசாயம். வீட்டுக்குள் குதிர் இருந்தது. நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பூனை. உலகம் பூராவும் இதே கணக்குதான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளைக் கண்டெடுத்த செய்தி 2004-ல் வெளியானது. அந்த உறவுக்கும் தானியக் குவியல்தான் ஆரம்பம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். இப்போது பல ஊர்களில் களத்திலிருந்தே நெல் மூட்டைகள் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகின்றன. குதிர் போச்சு, திண்ணையும் போச்சு. வேலை போன பூனை ஹாலுக்குக் குடிவந்துவிட்டது. வேலை இல்லாதவரையும் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறோமே, அதற்குப் பெயர் பிரியம். நல்ல விஷயம்தான்.

அப்படி ஒரு வீட்டுக்கு, உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மழைக்காலத்தில் போயிருந்தேன். தெரிந்தவர் வீடு, நல்ல மனிதர்கள். அவர்கள் வயலிலும் வீட்டிலும் வேலை செய்கிற ஓர் அம்மாள், நடவு முடிந்து வந்து ஹாலின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். வீட்டு அம்மா டீ கொடுத்துக்கொண்டே, ‘‘மேலதான் உக்காரேன்... எடமா இல்ல?’’ என்றார்.

‘‘இருக்கட்டும்மா. ஒடம்பெல்லாம் சேறு.’’

அந்த நேரத்தில் கொல்லைப் பக்கமாக உள்ளே வந்தது பூனை. அதுவும் வயலிலிருந்துதான் வருகிறது. நாலு காலிலும் அதே சேறு. யாரையும் கேட்கவில்லை. ஒரே தாவு. வெளிர்நிற உறையின் மேல் நாலைந்து பூப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ‘‘நாளைக்கு நான்தானே தொவைக்கணும்’’ என்றார்.

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? வீட்டு அம்மா மேலே உட்காரச் சொன்னார். மனசார என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மாள் மறுத்தார். அந்த மறுப்பை அவர் அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய அம்மா, ஆயா காலத்திலிருந்து திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்று சொல்லிச் சொல்லி உடம்பில் ஏறிப்போன கணக்கு அது. சேறு ஒரு சாக்கு. சேறு காய்ந்த நாளிலும் அவர் தரையில்தான் உட்கார்ந்திருப்பார். பூனைக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் அதற்கு சோபா வெறும் மெத்தை.

உத்திரமேரூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதி அத்தனையும் அதில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் உறவினர்களும் முடியாது. படித்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அதே கல்வெட்டில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. மண்டபத்தில் உட்காரும் தகுதியை அவ்வளவு துல்லியமாக எழுதினார்கள். மண்டபத்தைப் பெருக்கியவர் எவரோ, அவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்திருக்காது. ஆயிரத்து நூறு வருஷம் ஆகிவிட்டது. வாக்குச் சீட்டில் அந்த நிபந்தனைகள் போய்விட்டன. ஹாலில்?

சோபாவைக் காப்பாற்ற மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. பூனையின் நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சை. ‘நகம் எடுப்பது’ என்றால் ஏதோ நகவெட்டி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் 2019-ல் இதைத் தடை செய்தது. பிரிட்டனில் 2006-ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி இது குற்றம். நம் நாட்டிலும் விலங்கின் அங்கத்தைச் சிதைப்பது 1960-ம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். மேஜை நாற்காலிக்காக விரலை வெட்டுவதா என்று கேட்டால் நீங்களும் பதறுவீர்கள், நானும் பதறுவேன். அந்தப் பதற்றம் நியாயமானது. அதை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பொருளைக் காவல் காக்க ஆரம்பித்தால், காவலின் விலையை வேறு யாரோ கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே பூனை. இங்கே, சேற்றுக் காலோடு தரையில் உட்கார்ந்த அந்த அம்மாள்.

நம் பழந்தமிழில் ‘கொடைமடம்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. மயில் போர்த்திக்கொள்ளாது, முல்லை தேர் ஓட்டாது. அது தெரிந்தும் கொடுத்தார்கள். பூனைக்கு சோபா கொடுக்கிற நமக்கும் அந்த வள்ளல்களின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம். மயில் நனைந்த போர்வையைத் துவைக்கப் போட்டது யார் என்று புலவர்கள் எழுதவில்லை. நம் வீட்டில் அது யார் என்று நமக்குத் தெரியும்.

உடனே எழுந்து போய், ‘இனிமே நீ மேலதான் உக்காரணும்’ என்று வற்புறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒருவகை அதட்டல்தான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நுனியில் உட்கார்ந்து, எப்போது எழலாம் என்று பார்ப்பார். பாலிதீன் போர்த்திய சோபாவில் அது இன்னும் கஷ்டம். யார் உட்கார்ந்தாலும் எழுந்ததும் வீட்டுக்காரர் தடவிப் பார்க்கிற சோபாவில் யாருமே நிம்மதியாக உட்கார முடியாது, மாப்பிள்ளைகூட முடியாது. சேறு பட்டால் உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டுக்கொள்ளலாம் என்கிற பெஞ்சில், ‘உக்காரு’ என்று சொல்வதற்கு வேறு அர்த்தம் வரும். அப்புறம் அந்த உறையை மெஷினில் போடுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலையாக இருந்தால், அர்த்தம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த முறை சோபா பார்க்கப் போகும்போது, உங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவரையும் கூட அழைத்துப் போங்கள். ‘எதுக்கும்மா நானு?’ என்பார். கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விலையை வைத்து மயக்குகிற விற்பனையாளரிடம் நாம் கேட்க மறந்த கேள்விகளை அவர் கேட்பார். இந்த மெத்தையைத் தனியா எடுக்க முடியுமா? இந்தச் சந்துல முடி போய் அடைச்சுக்கிட்டா எப்படி எடுக்கிறது? அப்புறம் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கால் ரொம்பக் குட்டை, இதுக்கு அடியில தொடப்பம் நுழையாது என்று சொல்வார்.