நிகழாதவற்றின் கணக்கு

2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து பெற்றவர் ஜெர்மனியின் ஆலிவர் கான். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர். பத்திரிகையாளர்கள் வாக்களித்தது இறுதி ஆட்டத்துக்கு முன்பு. ஜூன் 30ஆம் தேதி யோகஹாமாவில் நடந்த அந்த ஆட்டத்தின் 67ஆம் நிமிஷத்தில், ரிவால்டோ அடித்த பந்து கானை நோக்கி நேராகத்தான் வந்தது. கைக்குள் நிற்காமல் முன்னால் தெறித்தது. ஓடி வந்த ரொனால்டோ அதை உள்ளே தள்ளினார். பன்னிரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று. பிரேசில் 2, ஜெர்மனி 0. பரீட்சைக்கு முன்பே மார்க் போட்டுவிட்டார்கள் என்ற கேலிக்கு அந்தப் பரிசு இடம் கொடுத்துவிட்டது.

வாக்களித்தவர்கள் சரியாகவே செய்தார்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் கானைத் தாண்டிப் போன பந்து ஒன்றே ஒன்று, அயர்லாந்துடன், அதுவும் கடைசி நேரத்தில். பராகுவே, அமெரிக்கா, தென் கொரியா மூன்றையும் ஜெர்மனி வென்றது 1-0 என்ற ஒரே கணக்கில். ஆனால் இந்தச் சாதனையை எப்படிச் சுட்டிக் காட்டுவது? கோல்கீப்பரின் மேன்மை நிகழாதவற்றால் ஆனது. உள்ளே போகாத பந்துக்கு ஸ்கோர் போர்டில் இடமில்லை. முன்வரிசை ஆட்டக்காரனின் விஷயம் நேர் எதிர். அதே இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ரொனால்டோ நல்ல வாய்ப்புகளைக் கோட்டைவிட்டார். இன்று யாருக்கு ஞாபகம்? பத்தில் ஒன்பது தவறினால் அவன் அந்த ஒன்றால் அறியப்படுகிறான். பத்தில் ஒன்பதைத் தடுத்தவனும் அந்த ஒன்றாலேயே அறியப்படுகிறான். வங்கியில் காஷ் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இது புதிதல்ல. இருநூறு நாள் கணக்கு நேரானது எந்த லெட்ஜரிலும் ஏறாது. ஒருநாள் நூறு ரூபாய் குறைந்தால் ஏறும். சிறுபத்திரிகை ஆசிரியர்களும் இந்த இனம்தான். அவர்கள் திருப்பியனுப்பிய கவிதைகளை யாரும் படிப்பதில்லை.

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. இக்கட்டான கணத்தில் வெளிப்படுவதுதான் ஒருவனின் உண்மை, மற்றதெல்லாம் ஒத்திகை என்றார். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 1-0 என்று நிற்கும் ஆட்டத்தில் எந்தக் கணம் இக்கட்டானதல்ல? இக்கட்டான கணம் என்பது எல்லாம் முடிந்தபின் பார்வையாளன் திரும்பிப் பார்த்துக் குறிக்கும் இடம். உள்ளே நிற்பவனுக்கு எல்லாப் பந்தும் ஒரே பந்து.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோல் போட்டார். நான்கு நிமிஷம் கழித்துக் காலால் இன்னொன்று. கைக் கோல் கள்ளத்தனம், சந்தேகமில்லை. அது புராணமாகிவிட்டது. 2006இல் பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜிடான் எதிரணிக்காரரின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது; அந்த முட்டலை 2012இல் பாரிஸில் ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாக நிறுத்தினார்கள். ஒன்று ஏமாற்று, மற்றது கோபம் - இரண்டும் ஒழுக்கக் கணக்கில் வருபவை. கானின் கைநழுவலில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை? அவர் யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் தாக்கவில்லை. இருந்தும் சிலை எழுப்ப அதில் எதுவுமில்லை. குற்றத்தை நாம் கலையாக்கிக்கொள்கிறோம்; பிசகை மன்னிப்பதில்லை.

பிரேசிலின் மோசிர் பார்போசாவுக்கு நடந்தது இதைவிட மோசம். 1950இல் மரக்கானாவில் பிரேசிலுக்கு ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும். 79ஆம் நிமிஷத்தில் உருகுவேயின் கிஜியா அடித்த பந்து அவருக்கும் கம்பத்துக்கும் இடையே போய்விட்டது. 1-2. தோல்விக்குப் பின் பிரேசில் தன் வெள்ளைச் சட்டையை மாற்றி மஞ்சளுக்குப் போனது. பார்போசா எதை மாற்றுவது? 1993இல் தேசிய அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனவரை, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று திருப்பியனுப்பினார்கள். பிரேசிலில் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டு, தான் ஐம்பது ஆண்டாக அனுபவிப்பதாக அவர் சொன்னார். 2000இல் இறந்தார்.

கான் விஷயத்தில் ஒன்று பாக்கியிருக்கிறது. அன்றைய ஆட்டத்தில் அவருடைய வலது கை விரலொன்றில் தசைநார் கிழிந்திருந்தது. அதைக் காரணமாகச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் கம்பத்தில் சாய்ந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அதாவது, கூட்டம் போட்ட கணக்கையே அவரும் போட்டுக்கொண்டார். ஆறு ஆட்டங்களை அவரும் எண்ணவில்லை. இதை நேர்மை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் அநியாயமான தராசில் தானே ஏறி நிற்பதற்கு நேர்மை என்ற பெயர் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம்.