முதுசமாக வராதது

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் காய்த்துத் தொங்கும் ‘ரெட் லேடி’ பப்பாசி, தாய்வானில் உருவான கலப்பினம். வளையப்புள்ளி வைரசுக்கு ஈடுகொடுப்பதில் பேர் எடுத்தது.

அழுக்கணவன் பூச்சி ஒரு மரத்தில் சாறு உறிஞ்சிவிட்டு மறு மரத்தில் வாய் வைத்தால் போதும், வைரஸ் தொற்றிவிடும். இலை மஞ்சள் திட்டாகிச் சிறுத்துப் போகும். காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளி விழும். காய்ப்பும் குன்றும். ரெட் லேடியையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனாலும் அந்த மரம் அவ்வளவு எளிதில் முடங்காது. நோயைத் தாங்கிக்கொண்டே காய்க்கும்.

அந்தப் பழத்தின் விதையை எடுத்து நட்டுப் பாருங்கள். தாயின் குணம் அப்படியே இறங்காது. முதல் தலைமுறைக் கலப்பினங்களின் இயல்பே அதுதான். அதே குணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்க வேண்டும்.

பெற்றோர் பட்டுத் தேறிய மனத்திடமும் அப்படியே. முதுசக் காணிபோல அதைப் பிள்ளையின் பேரில் எழுதிவைக்க முடியாது. சின்னச் சின்னத் தோல்விகளைப் பிள்ளை தானே தாங்கிப் பழகட்டும். குறுக்கே விழுந்து தடுக்காதீர்கள்.