சிரிப்பு முகம் யாருக்காக?

‘நாளைக்குள் கணக்கை அனுப்பிவிடுங்கள்.’ அலுவலக வாட்ஸ்அப்பில் ஓர் ஆண் இப்படி எழுதினால் அது வேலை. அதையே ஒரு பெண் எழுதினால், “மேடம் கோபமா இருக்காங்களா?” என்று கேட்கிறார்கள். அதனால்தான் நம்மில் பலர் வாக்கியத்தின் கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தைச் சேர்த்துவிடுகிறோம். அது பணிவா, பொய்யா, கட்டாயமா?

1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளியையும் சிறுகோட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்து ஒரு சிரிக்கும் முகத்தை முன்மொழிந்தார். விளையாட்டாக எழுதியதை யாரும் நிஜமென்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. நாம் கணக்கு கேட்கும்போது விளையாடவில்லை. நாம் போடும் முகம் சொல்வது வேறு: ‘நான் கேட்டதற்காக என்னை வெறுத்துவிடாதீர்கள்.’

விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட், 1983இல் வெளிவந்த நூலில் அதை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். அவர்களுக்கு அந்தப் புன்னகைக்குச் சம்பளமாவது இருந்தது.

“அப்படியென்றால் எமோஜியே வேண்டாமா மேடம்?” என்று மாணவிகள் கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆணின் வறண்ட வாக்கியம்தான் சரியான மொழி என்று நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அடுத்தவர் மனம் நோகாமல் பேசுவது குறையல்ல. எமோஜியும் நம் மொழிதான். மாதவிடாயைப் பேச ஓர் அடையாளம் வேண்டும் என்று பிளான் இன்டர்நேஷனல் யூகே அமைப்பு இயக்கம் நடத்தியதன் பயனாக 2019இல் இரத்தத் துளி எமோஜி ஏற்கப்பட்டது. அந்தத் துளி பெண்கள் கேட்டுப் பெற்றது. சிரிப்பு முகமோ பெண்களிடம் கேட்டு வாங்கப்படுவது.

அன்பளிப்பையும் வரியையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கொடுக்காமல் விட்டால் தண்டனை வருமா என்று பார்க்க வேண்டும். தோழிக்கு அனுப்பும் இதயத்தை ஒருநாள் மறந்தால் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள், அது அன்பளிப்பு. அலுவலகத்தில் சிரிப்பை விட்டுவிட்டால் ‘திமிர்’ என்ற பெயர் வருகிறது, அது வரி.

ஆகவே, பொய் சொன்னவள் என்று அந்தப் பெண்ணைக் குற்றம்சாட்ட எனக்கு மனமில்லை. மாற வேண்டியது படிக்கும் கண். ஒரு பெண்ணின் முற்றுப்புள்ளியை முற்றுப்புள்ளியாக மட்டும் படிப்பது ஆண்களின் கடமை மட்டுமல்ல. பெண் மேலதிகாரியின் சுருக்கமான செய்தியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்.